யசோதரா ஊற்றாத தண்ணீர்

துணைமின் நிலையத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். கோபுரம், கம்பி, ஆளுயரப் பீங்கான் தூண்கள், ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் டிரான்ஸ்பார்மர்கள். கட்டடத்தின் பின்பக்கம் போய், சன்னல் கண்ணாடியில் வெள்ளைப் பெயின்ட் அடித்த அந்தச் சின்ன அறையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தப்பித்தவறிப் பார்த்தாலும், ஆசிட் வாடை மூக்கில் ஏறியதும் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, காத்தாடிமேடு துணைமின் நிலையத்தில் அந்த அறைக்குள் ராஜ்யம் நடத்தியவள் யசோதரா.

அறைக்குள் இரண்டு வரிசையாக பேட்டரி. வரிசைக்கு ஐம்பத்தைந்து செல். ஒவ்வொன்றும் ஒரு சின்ன அரிசி டின் உயரம். ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற இடத்துக்கு எதற்கு பேட்டரி என்று கேட்கலாம். ஊரில் மின்சாரம் இருக்கிற வரைக்கும் அது தேவையில்லைதான். ஒட்டுமொத்தமாகப் போய்விட்டால், எந்தக் கம்பியில் உயிர் இருக்கிறது என்று காட்டும் விளக்கு எரியவும், பிரேக்கர் என்கிற ராட்சத சுவிட்சுகளைத் திறந்து மூடவும் இந்த பேட்டரியை விட்டால் வேறு நாதியில்லை. பேட்டரி செத்தால் நிலையமே குருடாகிவிடும். போன மின்சாரம் வாசல் வரை திரும்பி வந்தாலும் உள்ளே விடக் கதவைத் திறக்க ஆளிருக்காது. இந்தச் சங்கதி அதிகாரிகள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த அறைக்கு ஒரு நல்ல மின்விசிறி போட அவர்களுக்கு ஆறு வருடம் ஆயிற்று.

யசோதரா பிறந்தது புளியந்தோப்பில். பெற்றவர்கள் பௌத்தத்துக்கு மாறிய கையோடு பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர். பத்தாவது பாஸ். வியாசர்பாடி வல்லரசுவைக் கட்டிக்கொண்டாள். அவன் காத்தாடிமேட்டில் லைன் வேலை பார்த்தவன். மின்கம்பத்தில் ஏறி ஒன்றும் ஆகாதவனை மஞ்சள்காமாலை பதினோரு நாளில் கொண்டுபோய்விட்டது. குழாய்த் தண்ணீரோடு சாக்கடை கலந்து வந்த வருடம் அது. கருணை அடிப்படையில் வேலை என்று தொண்ணூற்றேழில் அவளுக்கு ஓர் உத்தரவு வந்தது. வேலை என்னவென்றால், அதே நிலையத்தில் துடைப்பம் பிடிப்பது.

"பேட்டரி ரூமுக்குள்ள மட்டும் போவாதம்மே, பொடவை ஓட்டையாப் பூடும்" என்று முதல் நாளே சொன்னார்கள். போனாள். புடவையும் ஓட்டையாயிற்று. ஆனால் மற்ற அறைகளைப் பெருக்கும்போது யாராவது ஒருத்தர் "இங்க வா, அத்த எடு, இத்த வை" என்று விரட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த அறையில் அந்தத் தொல்லை இல்லை. பெருக்கிவிட்டு, செல்களுக்குள் குழாயை விட்டு அடர்த்தி அளக்கும் ஊழியரின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ரப்பர் உருண்டையை அமுக்கி விட்டால் கண்ணாடிக் குழாய்க்குள் ஆசிட் ஏறும், மிதவை நிற்கும், அதில் ஓர் எண். அவ்வளவுதான் வித்தை. தொண்ணூற்றொன்பதில் அந்த ஊழியர் ஓய்வுபெற்றபோது அந்த வேலைக்கு யாரும் முன்வரவில்லை. யசோதரா போய்க் கேட்டாள். ஆபீசில் சிரித்தார்கள்.

"ஒண்ணாம் நம்பர் பேங்க்ல முப்பத்தொண்ணாவது செல்லு எப்பவும் பின்தங்கிதான் நிக்கும். சமமா சார்ஜ் போட்டாக்கா மூணு நாளு ஒய்ங்கா கீது, அப்பால மறுபடியும் எறங்கிடுது. நாப்பத்திநாலு ஓவரா தண்ணி குடிக்குது. வேற எதுனா கேக்கணுமா சார்?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. ஒன்றாம் நம்பர் வரிசை அவள் கைக்கு வந்தது. இரண்டாம் நம்பர், சீனியர் என்கிற முறையில், நீலமேகத்திடம் இருந்தது. நீலமேகம் மோசமான ஆள் இல்லை. ஸ்டோரில் கொடுப்பதை வாங்கி ஊற்றுவான், நோட்டில் நேற்றைய எண்ணையே இன்றும் எழுதுவான், மீதி நேரம் செய்தித்தாள் படிப்பான். அரசாங்கச் சம்பளத்துக்கு இதற்கு மேல் எதிர்பார்ப்பது அதிகம் என்பது அவன் கட்சி.

இரண்டாயிரத்து மூன்றில் மழை பொய்த்தது. நான்கு பிறந்ததும் சென்னையில் குழாய்கள் காற்று விட ஆரம்பித்தன. வடசென்னையின் கதை இன்னும் கேவலம். நிலத்தடித் தண்ணீர் ஏற்கெனவே உப்பு. அடியில் கொஞ்சநஞ்சம் இருந்த நல்ல தண்ணீரையும் கடல் வந்து குடித்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வரும், அதுவும் எப்போது என்று ஆண்டவனுக்கே தெரியாது. வியாசர்பாடியில் லாரி வருகிற தெருவுக்கு யசோதராவின் நாத்தனார் பூவம்மாதான் தளபதி. கல்யாணமே வேண்டாம் என்று தம்பி வீட்டோடு தங்கிவிட்டவள். அவள் குடங்களை வரிசை தாண்டித் தள்ளிவைக்க அந்தத் தெருவில் எவளுக்கும் துணிச்சல் கிடையாது.

நிலையத்தின் ஸ்டோர்கீப்பர் துரை அந்த பிப்ரவரியில் ஒரு நாள் யசோதராவைக் கூப்பிட்டு இருபது லிட்டர் கேன் ஒன்றைக் காலடியில் வைத்தான். "மீஞ்சூர் பக்கம் நம்ம தோஸ்து ஒருத்தன் லாரி ஓட்டறான், யக்கா. ஸ்டாஃபு அல்லாருக்கும் ஆளுக்கு ஒரு கேனு. எத்துகினு போ, வெளிய சொல்லிக்காத." பைசா வாங்கவில்லை. துரை அப்படிப்பட்டவன்தான். யார் வீட்டுச் சாவுக்கும் பாடைக்கு முதல் தோள் கொடுப்பவன்.

அன்று சாயங்காலம் பூவம்மா அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவைத்தாள். கால்மணியில் பூவாக மலர்ந்துவிட்டது. "இன்னா தண்ணிம்மே இது! குக்கரே வேணாம் போலக்கீது" என்று அசந்துபோனாள். யசோதரா பாத்திரத்தின் அடியைத் தடவிப் பார்த்தாள். லாரித் தண்ணீர் சுண்டினால் வெள்ளையாகப் படியுமே, அந்தப் படிவு துளிகூட இல்லை. நாக்கில் விட்டுப் பார்த்தாள். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை, தண்ணீர் என்று சொல்ல ஒரு ருசியே இல்லை. ஐந்து வருடமாக அவள் கையாளும் தண்ணீர் அது. பேட்டரிக்கு ஊற்ற வரும் காய்ச்சி வடித்த தண்ணீர்.

நல்ல தண்ணீர் வீட்டுக்கு வந்துவிட்டது என்றால், பேட்டரி அறையில் இருக்கும் கேன்களில் என்ன இருக்கிறது?

மறுநாள் போனதும் அலமாரியில் இருந்த பழுப்புக் குப்பியை எடுத்தாள். உப்பு இருக்கிறதா என்று பார்க்கும் வெள்ளி மருந்து அதில் இருந்தது. விரலில் பட்டால் ஒரு வாரத்துக்குக் கறுப்பு போகாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாள். கண்ணாடி மாதிரித் தெளிவாகவே இருந்தது. அறையில் இருந்த கேனிலிருந்து எடுத்து இன்னொரு சொட்டு விட்டாள். பால் ஊற்றின மாதிரி வெளுத்தது.

துரையிடம் போய் இரண்டு டம்ளரையும் மேசைமேல் வைத்தாள். அவன் மறைக்கவில்லை. நல்ல தண்ணீரை ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, காலிக் கேனில் வளாகத்து போர்வெல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி நிரப்பிவைத்ததாகச் சொன்னான். பதினாலு குடும்பம், அதில் ஆறு வீட்டில் கைக்குழந்தை.

"ஆசிட்டையே குடிக்கிற ஜென்மம்க்கா அது! அத்த கொஞ்சூண்டு உப்பு இன்னா பண்ணிடப் போவுது? புள்ளைங்க தொண்டை காஞ்சிகினு கீதுங்க, இங்க பேட்டரிக்கு பன்னீர் கேக்குதா?"

யாராவது அவனைத் திருடன் என்று சொன்னால் நமக்கே கோபம் வரும். அந்த வருடத்தில் அந்தக் கடற்கரை ஓரத்தில், நல்ல மனசு இருக்கிற ஒருவன்தான் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியும். ஆனால் உப்புக்கு நல்ல மனசு தெரியாது. அது உள்ளே போய்த் தகட்டை அரிக்கும், சேர்த்துவைத்த மின்சாரத்தைச் சும்மா இருக்கும்போதே தின்னும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சார்ஜர் ஓடுகிற வரைக்கும் எந்த பேட்டரியும் நல்ல பேட்டரிதான்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், துரை. ஆனா இத்த ஊத்தவும் மாட்டேன்" என்றாள் யசோதரா. அன்றைக்கு அது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. நீலமேகத்திடம் போய், "அண்ணே, ஸ்டோர் தண்ணி சரியில்ல, ஊத்தாதீங்க" என்று மட்டும் சொன்னாள். "ஸ்டோர்ல குடுக்கறத ஊத்தறதுதாம்மா நம்ம வேலை, ஆராய்ச்சி பண்றது இல்ல" என்று அவன் செய்தித்தாளைத் திருப்பினான். அத்தோடு அவள் நிறுத்திக்கொண்டாள். அதை நினைத்து அவள் பின்னால் வெட்கப்பட்டது உண்டு.

சரி, ஒன்றாம் நம்பருக்குத் தண்ணீர்? வெயில் ஏற ஏறப் பத்து நாளைக்கு ஒரு கேன் கேட்டது அது. தன் வீட்டில் மிச்சமிருந்ததை முதலில் கொண்டுவந்து ஊற்றினாள். துரையிடம் வாங்கினால் கைக்குழந்தை இருக்கிற ஏதாவது ஒரு வீட்டுக்குக் குறையும் என்று அவனிடம் கேட்கவில்லை. பிறகு பேசின் பிரிட்ஜ் பக்கம் ஆட்டோ பேட்டரிக் கடை வைத்திருந்த சௌக்கத் அலியிடம் போனாள். கடையின் பின்கட்டில் அவன் சொந்தமாகத் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் அடுப்பு ஒன்று உண்டு. அதுவும் அணைந்து கிடந்தது, காய்ச்சத் தண்ணீர் இல்லாமல்.

"தண்ணி கொண்டா தங்கச்சி, வடிச்சுத் தரேன். மூணு கொடம் நீ ஊத்துனா ஒரு கேனு உனக்கு, மீதி எனக்கு."

மூன்று குடம் என்பது அந்தக் கோடையில் ஒரு குடும்பம் இரண்டு நாள் உயிரோடிருக்கும் தண்ணீர். பூவம்மாவிடம் சொன்னபோது வீடு இரண்டுபட்டது. "லாரிக்காரன் சட்டையப் புட்ச்சி, தெருவுல சண்ட போட்டு நான் எத்தாற தண்ணிய பேட்டரிக்கு குடுத்துட்டு நாம இன்னாத்த குடிக்கிறது, காத்தையா? அது இன்னா உன் வயித்துல பொறந்துச்சா?" என்று கத்தினாள். யசோதரா துவைக்கிறதை நிறுத்தினாள். ஒரே புடவையை மூன்று நாள் கட்டினாள். குளிப்பதைச் சொம்புக் கணக்காக்கினாள். நாலாவது நாள் பூவம்மாவே மூன்று குடத்தைத் தூக்கி மீன்பாடி வண்டியில் வைத்து, "கலீஜா நாறிகினு வேலைக்குப் போவாத, மானம் போவுது. எத்துகினு போய்த் தொலை" என்றாள். அப்புறம் பத்து நாளைக்கு ஒரு தடவை அந்த வண்டி பேசின் பிரிட்ஜ் போயிற்று. வடித்த தண்ணீரோடு யசோதரா பஸ்ஸில் ஏறுவாள். கேனைப் பார்த்துக் கண்டக்டர் எரிந்துவிழுவான். எரிந்துவிழட்டும் என்று காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மே மாதக் கடைசியில் நீலமேகம் அந்தக் கேனைப் பார்த்துவிட்டான். பார்த்ததை உதவிப் பொறியாளர் பென்னியிடம் சொல்லியும்விட்டான்.

பென்னி ராயபுரத்துப் பையன். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தங்கமான பிள்ளை, ஆனால் விதிப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவன். "ஏம்மா, ஸ்டோர்ல குடுக்கற தண்ணிய விட்டுட்டு வெளில இருந்து ஏன் கொண்டு வரீங்க? உள்ள என்ன கலந்திருக்கோ யாருக்குத் தெரியும்? காரணம் சொல்லுங்க" என்று நல்லவிதமாகத்தான் கேட்டான். காரணம் சொன்னால் துரை போனான். துரையோடு பதினாலு வீட்டுக் குடிதண்ணீரும் போகும். அவளும் ஒரு கேன் வாங்கிக்கொண்டு போனவள்தானே!

"ஸ்டோர் தண்ணி எனக்குப் புடிக்கல சார்" என்றாள்.

இதைவிட மோசமான பதிலை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. மெமோ வந்தது. அனுமதியின்றி வெளித் தண்ணீரை பேட்டரியில் ஊற்றிய குற்றம். ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை செயற்பொறியாளரே நேரில் வந்து விசாரிப்பார். குற்றம் ருசுவானால் பேட்டரி அறை போய்விடும், பழையபடி துடைப்பம்தான். யசோதரா மெமோவை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். துடைப்பத்தைக் கண்டு அவள் பயப்படவில்லை. அந்த ஐம்பத்தைந்து செல்லும் நீலமேகத்தின் கைக்குப் போகும், மறுநாளே உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கும். அதை நினைத்துத்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். யசோதரா இருபத்தேழாவது செல்லில் குழாயை விட்டிருந்தாள். சட்டென்று காதடைத்த மாதிரி இருந்தது. இத்தனை வருடம் கேட்டுப் பழகிய டிரான்ஸ்பார்மர் இரைச்சல் நின்றுபோயிருந்தது. வெளியே ஒரு காகம் கத்துவது துல்லியமாகக் கேட்டது. சுவரில் இருந்த சார்ஜரின் விளக்கு அணைந்திருந்தது.

எங்கோ ஒரு பெரிய லைன் விழுந்து, அதன் சுமை பக்கத்து லைன்மேல் ஏறி, அதுவும் விழுந்து, கடைசியில் வடசென்னை முழுக்கச் செத்துப்போயிருந்தது. துறைமுகத்தில் கிரேன்கள் தூக்கிய சரக்கோடு அந்தரத்தில் நின்றன. தண்டவாளத்தில் மின்சார ரயில்கள் நின்றன. பெரிய ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையமும் மூச்சு நின்று கிடந்தது. அதன் கொதிகலனை மறுபடி கிளப்ப வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் வேண்டும். கார் கிளம்பத் தள்ளிவிடுகிற மாதிரி. அந்தத் தள்ளு காத்தாடிமேடு வழியாகத்தான் போயாக வேண்டும்.

கட்டுப்பாட்டு அறைக்குள் யசோதரா ஓடியபோது பென்னி தலைமைக் கட்டுப்பாட்டு மையத்தோடு பேசும் ஹாட்லைனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். எதிர்முனையில் கேட்ட ஒரே கேள்வி, "உங்க பேட்டரி எப்படி இருக்கு?" நிலையத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் உண்டு. அதன் உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பக்கத்து நிலையங்களுக்கு இரவல் போய், ஷெட்டில் எலும்புக்கூடு மட்டும் இருந்தது. ஆகவே கேட்ட கேள்வி சரியான கேள்விதான்.

"ரெண்டு பேங்க்கும் ஹெல்த்தி சார்" என்றான் பென்னி, நோட்டைப் பார்த்து.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அறையின் வலது பாதியில், இரண்டாம் நம்பர் பேட்டரியை நம்பி எரிந்துகொண்டிருந்த சிவப்பு, பச்சை விளக்குகள் மங்கத் தொடங்கின. நூற்றுப்பத்து வோல்ட் காட்ட வேண்டிய மீட்டர் முள் தொண்ணூற்றெட்டைக் காட்டியது. தொண்ணூற்றொன்று. எண்பத்துநாலு. நீலமேகம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நேற்றுவரை அவன் எழுதிய எண்கள் எல்லாம் முத்து முத்தாக நோட்டில் இருந்தன.

"ஒண்ணாம் நம்பரை இதோட சேத்துடலாமா?" என்றான் பென்னி. சேர்த்தால் மொத்த நிலையத்தின் சுமையும் ஒரே வரிசைமேல் விழும். அதுவும் படுத்துவிட்டால் எல்லாம் போச்சு.

"சும்மா சேத்தா இது அத்தயும் உறிஞ்சிடும் சார்" என்றாள் யசோதரா. "மொதல்ல ரெண்டாம் நம்பர் ஃப்யூஸ கழட்டி தனியா உட்ருங்க. அப்பால சேருங்க."

"தாங்குமாம்மா? மின்சாரம் எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியல."

"ஆறு மணி நேரம் தாங்கும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அதுங்க குடிக்கிற தண்ணிய நான்தான சார் சுமந்துகினு வந்தேன்! எனக்குத் தெரியும்."

அதற்கு மேல் பென்னி விதிப் புத்தகத்தைத் தேடவில்லை. யசோதரா ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு போய் இரண்டாம் நம்பர் ஃப்யூஸ்களைத் தன் கையாலேயே உருவினாள். பென்னி இணைப்பு சுவிட்சைப் போட்டான். வலது பக்கத்து விளக்குகள் திடுக்கிட்டு விழித்துக்கொண்டன. ஒன்றாம் நம்பரின் முள் லேசாக இறங்கி, நூற்றேழில் வந்து நின்றது.

அப்போதுதான் துரை வாசல்படியில் நின்று பேசினான். அவன் எப்போது வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. "சார், ரெண்டாம் நம்பர சாவடிச்சது நான்தான். நல்ல தண்ணிய ஸ்டாஃபுக்கு குடுத்துட்டு கேனுல போர் தண்ணி ரொப்பி வெச்சேன். யக்காவுக்குத் தெரியும், காட்டிக் குடுக்கல. அதுக்குத்தான் அவுங்களுக்கு மெமோ." பென்னி அவனையும் யசோதராவையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் சிவந்துபோயிற்று. "அத அப்புறம் பேசுவோம். இப்ப டார்ச்சு எத்தனை இருக்கோ எல்லாத்தயும் கொண்டுவா" என்றான்.

டார்ச் யசோதராவின் யோசனை. பேட்டரியில் எரியும் அவசர விளக்குகளைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் அணைத்துவிட்டாள். கூடத்தில் ஒன்று, மேலதிகாரி அறையில் ஒன்று, பூசைப் படத்துக்கு மேலே யாரோ கள்ளத்தனமாக மாட்டிவைத்திருந்த குண்டு பல்பு ஒன்று, எல்லாம் போயிற்று. அறை அடுப்பாகக் கொதித்தது. கதவு சன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டு, கால்மணிக்கு ஒரு தடவை பேட்டரி அறைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடந்தாள். முப்பத்தொன்றாவது செல்லுக்கு மட்டும் தனியாக ஒரு பார்வை. அது கூடத் தன் இடத்தில் நின்றது. பன்னிரண்டுக்கு நூற்றாறு. இரண்டுக்கு நூற்றைந்தரை. நீலமேகம் எண்களைக் கேட்டுக் கேட்டு எழுதினான். வாழ்க்கையில் முதல்தடவையாக நிஜமான எண்கள்.

மூன்று ஐம்பதுக்கு ஹாட்லைன் அடித்தது. தெற்கே ஒரு லைன் உயிர்பிடித்து, நிலையம் நிலையமாகக் கைமாறி, காத்தாடிமேட்டின் வாசலுக்கு வந்துவிட்டது. எண்ணூர் பிரேக்கரை மூடச் சொல்லி உத்தரவு; மூடினால்தான் அதன் வழியே மின்சாரம் ஓடும். பென்னி கைப்பிடியைப் பிடித்தான். உள்ளங்கை வேர்த்திருந்ததால் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தான். நாலரை மணி நேரம் தனியாகச் சுமை தாங்கிய பேட்டரிக்கு இதுதான் பெரிய இழுப்பு. யசோதரா முள்ளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவன் திருப்பினான். முள் நூற்றொன்றுக்கு விழுந்தது, ஒரு கணம் அங்கேயே நடுங்கிற்று.

வெளியே யார்டில் டமார் என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. பிரேக்கர் மூடிக்கொண்டது. முள் எழுந்து பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

"எண்ணூருக்குச் சப்ளை போயிடுச்சு!" என்று போனில் கத்தினான் பென்னி. அப்புறம் ஒவ்வொன்றாக, டமார், டமார் என்று பிரேக்கர்கள் மூடிக்கொண்டன. டிரான்ஸ்பார்மர் இரையத் தொடங்கியது. துரை தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். நீலமேகம் கை தட்டினான். யசோதரா பேட்டரி அறைக்குள் போய்ச் சார்ஜரின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். எரிந்தது. அங்கே யாரும் பார்க்காத இடத்தில், ஒவ்வொரு செல்லின் மூடியையும் தொட்டுக்கொண்டே வரிசையின் கடைசிவரை நடந்தாள். இரண்டு பேட்டரி சாக வேண்டிய இடத்தில் ஒன்று பிழைத்து ஊரையும் பிழைக்கவைத்தது. அது தன்னால்தான் என்று அன்றைக்கு அவள் மனசாரச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள அவளுக்கு உரிமை இருந்தது.

புதன்கிழமை விசாரணை நடந்தது. குறித்துவிட்ட விசாரணையை நடத்தாமல் விட எந்த ஆபீசுக்கும் கை வராது. செயற்பொறியாளர் வயதானவர், அதிகம் பேசாதவர். கோப்பைப் பிரித்துவைத்துக்கொண்டு முறைப்படி கேட்டார்.

"வெளில இருந்து தண்ணி கொண்டுவந்து ஊத்தினீங்களா?"

"ஊத்துனேன் சார்."

"யார் அனுமதி குடுத்தது?"

"யாரும் குடுக்கல."

"ஸ்டோர் தண்ணி கெட்டுப்போனது தெரிஞ்சும் எழுத்துல ஏன் குடுக்கல? குடுத்திருந்தா ரெண்டாம் நம்பரும் பொழச்சிருக்கும் இல்ல?"

அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று தைத்தது. "அது என் தப்புதான் சார்" என்றாள். "ஒண்ணு மட்டும் சொல்றேன். துரைய வேலைய விட்டு எடுக்காதீங்க. பதினாலு வூட்டுக்கும் வாரத்துக்கு ஒரு தண்ணி லாரி உடுங்க. குடிக்கத் தண்ணி இல்லாத ஜனத்துக்கிட்ட காவலுக்கு நல்ல தண்ணிய குடுத்துட்டு, குடிக்காதன்னா எப்டி சார்?"

செயற்பொறியாளர் பேனாவைத் திறந்து எழுதினார். துரைக்குப் பதினைந்து நாள் தற்காலிகப் பணிநீக்கம். ஊழியர் குடும்பங்களுக்கு வாரம் ஒரு லாரி தண்ணீர். கடைசியில் யசோதரா. அதை அவரே வாய்விட்டுப் படித்தார்.

"அனுமதியின்றி வெளித் தண்ணீர் ஊற்றிய குற்றம் நிரூபிக்கப்பட்டது. இவர் எச்சரிக்கப்படுகிறார். இன்று முதல் இரண்டு பேட்டரி வரிசைகளும் இவர் பொறுப்பில் ஒப்படைக்கப்படுகின்றன. இவர் சோதித்துக் கையெழுத்திட்ட தண்ணீரைத் தவிர வேறு எந்தத் தண்ணீரையும், யார் கொடுத்தாலும், இந்நிலையத்தின் பேட்டரிகளில் ஊற்றக் கூடாது."

யசோதரா உத்தரவைக் கையில் வாங்கி, இன்னொரு தடவை தானே படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மதியம் தலைமை ஸ்டோரிலிருந்து புதுக் கேன்கள் வந்து இறங்கின. செயற்பொறியாளரின் ஜீப் இன்னும் கிளம்பவில்லை. அவரும் பென்னியும் நீலமேகமும் சுற்றி நிற்க, அவள் முதல் கேனைத் திறந்து டம்ளரில் பிடித்து, ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். லேசாக, மிக லேசாக வெளுத்திருந்தது. வந்த டிரைவரிடம் சலான் காகிதத்தைத் திருப்பி நீட்டினாள்.

"இது ஆவாது. அல்லாத்தயும் ஏத்து. போய் வேற கொண்டா" என்றாள்.

டிரைவர் செயற்பொறியாளரின் முகத்தைப் பார்த்தான். அவர் யசோதராவைக் காட்டினார். லாரி திரும்பிப் போயிற்று.